பதினேழு வயதில் நின்றுபோகும் ஓட்டம்

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை விளையாட்டுப் போட்டி நாள் வரும். புல்திடலில் சுண்ணாம்பு கரைத்துக் கோடு போட்டிருப்பார்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று இல்லத்துக்கு ஒரு கூடாரம். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அழைத்ததும் பெற்றோர் எல்லாரும் கயிற்றோரம் வந்து நிற்பார்கள். மலாக்காவின் மெர்லிமாவிலும் ஜாசின் மாவட்டத்துத் தோட்டப்புறங்களிலும் இந்தக் காட்சி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. கோட்டைத் தொட்டு முதலில் வரும் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. மாவட்ட அளவிலான திடல்தடப் போட்டியில் ஓடுகிறது. நன்றாக ஓடினால் மலாக்கா மாநிலத்தைப் பிரதிநிதித்து ஓடுகிறது. பிறகு ஐந்தாம் படிவம் வருகிறது, எஸ்.பி.எம். வருகிறது. தேர்வு முடிகிறபோது பிள்ளைக்குப் பதினேழு வயது. அத்தோடு ஓட்டமும் முடிந்துவிடுகிறது. "ஓடினது போதும், இனி ஆக வேண்டியதைப் பாரு" என்று வீட்டில் சொல்வதில் அன்பு இருக்கிறது, கவலையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் தப்பான வயதில் சொல்லப்படுகிறது.

விரைவோட்டம் சிறுபிள்ளை விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. பள்ளிச் சீருடையோடு பிறந்து பள்ளிச் சீருடையோடு முடிந்துபோவதாக அதை நினைக்கிறோம். உண்மையில் ஒரு விரைவோட்டக்காரரின் உடல் பதினேழில்தான் வேலையைத் தொடங்குகிறது. அது முழுமை பெறுவது இருபதைத் தாண்டிய பிறகு. இடையிலுள்ள ஐந்தாறு ஆண்டுகள் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் கழிகிற ஆண்டுகள். ஆகவே ஓட்டக்காரரை உருவாக்கும் இடம் எது என்று கேட்டால், தொடக்கப்பள்ளித் திடலைவிடக் கல்லூரித் திடலையே நான் சொல்வேன். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மலேசியாவின் மிகச்சிறந்த விரைவோட்டக்காரரான டாக்டர் எம். ஜெகதீசனின் மாணவப் பருவமே போதும்.

மாணிக்கவாசகம் ஜெகதீசன் 1943 நவம்பர் 2-ஆம் தேதி பிறந்தவர். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பாக 400 மீட்டர் ஓடியபோது அவருக்கு 16 வயது. அந்த வயதில் ஒலிம்பிக் திடலில் கால் வைத்ததே பெரிய செய்திதான். ஆனாலும் அந்த ஓட்டம் தகுதிச்சுற்றோடு முடிந்தது. அதே ரோமில் 200 மீட்டரில் தங்கம் வென்றவர் இத்தாலியின் லிவியோ பெருத்தி. டூரின் நகரத்து வேதியியல் மாணவர். பெண்களுக்கான 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வென்ற அமெரிக்காவின் வில்மா ருடால்ஃப், டென்னசி மாநிலப் பல்கலைக்கழக மாணவி. குழந்தைப் பருவத்தில் போலியோவால் பாதிக்கப்பட்டுக் காலில் தாங்கி அணிந்து நடந்தவர் அவர். பல்கலைக்கழகத்துப் பயிற்றுநரின் கையில்தான் அவர் உலகின் மிக வேகமான பெண்ணாக வளர்ந்தார். ரோமின் திடலில் நின்ற அந்த மலாயா மாணவனுக்கு முன்னால் வெற்றி மேடையில் ஏறியவர்களும் மாணவர்களே.

ஜெகதீசன் அடுத்துப் போன இடம் சிங்கப்பூர். அங்கே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1967-இல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம். அப்போது வயது 18, மருத்துவ மாணவர். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அதே 200 மீட்டரில் அரையிறுதி வரை போனார், அப்போதும் மாணவர். 1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம். அப்போதும் பட்டம் கைக்கு வரவில்லை. அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே நாட்டின் வரைபடம் இருமுறை மாறியது. மலாயா மலேசியாவானது, 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. பாங்காக்கில் மலேசியச் சட்டை அணிந்து ஓடியவர் படித்துக்கொண்டிருந்த ஊர், அதற்குள் வேறொரு நாட்டின் தலைநகராகிவிட்டிருந்தது. மருத்துவப் படிப்பு எப்படிப்பட்டது என்று நம் வீடுகளுக்குச் சொல்லத் தேவையில்லை. உடற்கூறு, உடலியங்கியல், மருந்தியல், பிறகு மருத்துவமனை வார்டுகளில் பயிற்சி. ஆசியாவின் அதிவேக மனிதர் என்ற பெயரை அவர் எடுத்தது இவற்றுக்கு நடுவில்தான். 1966-இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருது அவருக்கும், சிறந்த வீராங்கனை விருது ஓட்டக்காரர் எம். ராஜமணிக்கும் கிடைத்தது. அந்த ஆண்டு இரண்டு விருதும் தமிழர் வீட்டுக்கு வந்தன.

என் வாதத்துக்கு முக்கியமானது இதற்கு அடுத்து நடந்தது. 1968 அக்டோபரில் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் 200 மீட்டரை ஜெகதீசன் 20.92 வினாடியில் ஓடினார். வாழ்நாளில் அவர் ஓடிய மிகச்சிறந்த ஓட்டம் அதுதான். அப்போது அவருக்கு 24 வயது. சில நாள்களில் 25 ஆகப்போகிறது. கையில் மருத்துவப் பட்டம் இருந்தது. ஆறாண்டுக்கு முன் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற நேரம் 21.3 வினாடி. வித்தியாசம் வினாடியில் பத்தில் நான்கு பங்குக்கும் குறைவு. காதில் கேட்கும்போது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் வினாடிக்கு ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர் ஓடுகிற மனிதருக்கு அது மூன்றரை மீட்டர். பதினெட்டு வயது ஜெகதீசனையும் இருபத்துநான்கு வயது ஜெகதீசனையும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஓடவிட்டால், பெரியவர் கோட்டைத் தொடும்போது சின்னவர் இரண்டு எட்டுக்குப் பின்னால் இருப்பார்.

உண்மையான இடைவெளி இதைவிடவும் பெரியது. ஜகார்த்தா நேரம் நிறுத்துக் கடிகாரத்தைக் கையால் அழுத்தி எடுத்தது. துப்பாக்கிப் புகையைக் கண்டதும் நேரக்காப்பாளர் பொத்தானை அழுத்துவார். கண் பார்த்து விரல் அசைவதற்குள் ஓட்டம் தொடங்கிவிட்டிருக்கும். முடிவுக் கோட்டிலோ ஓட்டக்காரர் வருவது முன்கூட்டியே தெரிவதால் விரல் தாமதிக்காது. அதனால் கையால் எடுக்கும் நேரம் எப்போதும் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவதற்குக் கைநேரத்தோடு 0.24 வினாடி கூட்டிக்கொள்வது திடல்தட உலகின் வழக்கம். அப்படிக் கூட்டினால் இரண்டு ஜெகதீசன்களுக்கும் இடையே ஆறு மீட்டர் தூரம் வந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. குறுகிய தூர ஓட்டத்துக்கு அது உதவும். செயற்கைத் தளம் போட்ட முதல் ஒலிம்பிக்கும் அதுதான். அதற்கு முந்திய ஒலிம்பிக் போட்டிகள் பெரும்பாலும் கரித்தூள் தளத்திலோ அதைப் போன்ற தளத்திலோ நடந்தவை. ஆகவே 20.92-ஐ முழுக்க வளர்ச்சியின் கணக்கில் எழுதக் கூடாது என்பார்கள். சரிதான். உயரத்துக்கும் தளத்துக்கும் உரிய பங்கைக் கழித்துவிடலாம். கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அதே உயரத்தில் அதே தளத்தில்தான் உலகத்தின் மற்ற ஓட்டக்காரர்களும் ஓடினார்கள்; அவர்களோடு மோதி ஜெகதீசன் மறுபடியும் அரையிறுதிக்கு வந்தார். எட்டாண்டுக்கு முன் ரோமின் தகுதிச்சுற்றில் நின்றுபோன அதே மனிதர் அவர். அந்த 200 மீட்டரில் 19.83 வினாடியில் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும், மூன்றாவதாக வந்த ஜான் கார்லோஸும் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலக் கல்லூரியில் வளர்ந்தவர்கள். ஸ்மித்துக்கும் அப்போது 24 வயது.

ஏன் இந்த வயது? நூறு மீட்டர் ஓட்டத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். தொடக்கக் கட்டையிலிருந்து எழும்பும் ஓட்டக்காரர் முதல் சில எட்டுகளைக் குனிந்தபடியே வைக்கிறார். ஒவ்வோர் எட்டிலும் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறார். உடல் மெல்ல மெல்ல நிமிர்கிறது. ஐம்பது அறுபது மீட்டரில் வேகம் உச்சத்துக்கு வருகிறது. அதன் பிறகு யாராலும் வேகத்தைக் கூட்ட முடியாது. குறையாமல் காப்பதே திறமை. கடைசி இருபது மீட்டரில் ஒருவர் பாய்ந்து முந்துவதாக நம் கண்ணுக்குத் தெரிவது, மற்றவரைவிட அவர் குறைவாகத் தளர்வதைத்தான். உச்ச வேகத்தில் ஒரு பாதம் தரையைத் தொட்டு நிற்கும் நேரம் வினாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கண்ணிமைக்கும் அந்த நேரத்துக்குள் உடல் எடையைப் போல் பல மடங்கு விசையைத் தரையில் இறக்கியாக வேண்டும். அவ்வளவு விசையைத் தாங்கும் தசையும் தசைநாணும் எலும்பும் பதினேழு வயதில் முழுமையாக அமைவதில்லை. பருவ வளர்ச்சி முடிந்த பிறகு, வலுப்பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால்தான் அவை கூடும்.

பன்னிரண்டு வயதுப் போட்டியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஆறாம் ஆண்டில் முதலில் வரும் பிள்ளை பல நேரம் மற்றவர்களுக்கு முன்னே பருவம் எய்திய பிள்ளையாக இருக்கும். அதற்குக் கால் நீண்டிருக்கும், தோள் அகன்றிருக்கும். பக்கத்துத் தடத்தில் ஐந்தாவதாக வந்த ஒல்லிப்பிள்ளைக்கு வளர்ச்சி இன்னும் தொடங்கியே இருக்காது. மூன்றாண்டு கழித்து ஒல்லிப்பிள்ளை வளர்ந்து முந்தும்போது, முன்பு வென்ற பிள்ளை மனமுடைந்து விலகுகிறது; ஒல்லிப்பிள்ளையையோ அதற்கு வெகுமுன்பே நாம் ஓட்ட அணியிலிருந்து கழித்துவிட்டிருப்போம். இரண்டு பக்கமும் இழப்பு. பதினேழில் கடையை மூடுகிற ஏற்பாட்டில், தாமதமாக மலரும் பிள்ளைக்கு இடமே கிடையாது.

இனி வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்விக்கு வருவோம். ஓடினால் படிப்புக் கெடாதா? மாரத்தான் ஓடுகிறவரைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் ஓட வேண்டியவர். விரைவோட்டக்காரரின் கணக்கு வேறு. முழு வேகத்தில் ஓடுவது நரம்பு மண்டலத்தையே களைக்கவைக்கும் வேலை. ஒரு மாலையில் அறுபது மீட்டரை ஆறு முறை முழு வேகத்தில் ஓடினால், மொத்தம் ஓடிய நேரம் ஒரு நிமிடம்கூட ஆகாது. மீதி நேரமெல்லாம் உடலைச் சூடேற்றுவது, நடந்து திரும்புவது, நீட்டல் பயிற்சி, எடைப்பயிற்சி. கடுமையான ஒரு பயிற்சி நாளுக்கும் அடுத்ததற்கும் இடையே போதிய ஓய்வு வேண்டும். ஓய்வில்லாமல் ஓடினால் பின்தொடைத் தசை கிழியும். ஆக, விரைவோட்டப் பயிற்சியின் பெரும்பகுதி ஓய்வுதான். அந்த ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து செய்யத் தகுந்த வேலை படிப்பு. மருத்துவ மாணவர் ஒருவர் ஆசியாவின் அதிவேக மனிதரானதை விந்தை என்று வியக்கிறோம். ஆனால் இந்த ஓட்டத்தின் இயல்பைப் பார்த்தால், மாணவ வாழ்க்கையோடு இவ்வளவு நன்றாகப் பொருந்துகிற விளையாட்டு அதிகமில்லை. பயிற்சியே இல்லாத மாலைகள் எல்லாம் பாடப்புத்தகத்தில் கழிகின்றன என்று எந்தப் பெற்றோரும் நம்பப்போவதில்லை. கைப்பேசி எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த மறுப்பு: ஜெகதீசன் பழைய காலத்து மனிதர், அன்று போட்டி குறைவு, இன்று இதெல்லாம் நடக்குமா? நடக்கிறது. ஷெரீன் சாம்சன் வல்லபோய், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடியவர். தாய் ஜோசஃபின் மேரி, தந்தை சாம்சன் வல்லபோய் இருவருமே நாட்டுக்காக ஓடியவர்கள். ரபியா அப்துல் சலாம் 1993-இல் 52.56 வினாடியில் ஓடி நிறுவிய பெண்கள் 400 மீட்டர் தேசியச் சாதனை, யாராலும் தொட முடியாமல் ஏறக்குறைய முப்பதாண்டுகள் அப்படியே நின்றது. அதை முறியடித்தவர் இந்தக் கல்லூரி மாணவி. 2023-இல் கம்போடியாவில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தங்கமும் அவருக்கே. ஆண்கள் 100 மீட்டரிலும் இதே பாதைதான். அஸீம் ஃபாமி 2022 ஆகஸ்டில் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 10.09 வினாடி ஓடித் தேசியச் சாதனை படைத்தார். அப்போது வயது 18. அதோடு அவர் நின்றுவிடவில்லை. அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கவும் ஓடவும் போனார்.

மலாக்காக்காரர்களுக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. கைருல் ஹஃபிஸ் ஜந்தான் நம் மாநிலத்துப் பிள்ளை. 2016-இல் மாநிலங்களுக்கிடையிலான சுக்மா போட்டியில் 100 மீட்டரை 10.18 வினாடியில் ஓடி, வாட்சன் நியாம்பெக் 1998-இல் நிறுவிய 10.30 வினாடிச் சாதனையை உடைத்தார். அப்போது அவருக்கும் 18 வயதுதான். மறு ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வென்றார். அதே 2017-இல் 200 மீட்டரை 20.90 வினாடியில் ஓடினார். 49 ஆண்டுகளாக அசையாமல் இருந்த ஜெகதீசனின் 20.92 அன்றுதான் சரிந்தது. இந்த நாட்டில் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் வேகத்தோடு பிறந்து, ஓடி, பள்ளி முடித்துப் போயிருப்பார்கள். அவர்களில் ஒருவராலும் அரை நூற்றாண்டாக ஒரு மருத்துவப் பட்டதாரியின் நேரத்தைத் தாண்ட முடியவில்லை. வேகம் நம் மண்ணில் பஞ்சமாகிப் போயிற்று என்று நான் நம்பவில்லை. வேகத்தைப் பதினேழுக்கு அப்பால் தூக்கிச் சுமக்க ஆள் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வாதத்தின் பலவீனமான இடம் எது என்று எனக்குத் தெரியும். ஜெகதீசனுக்கும் ஷெரீனுக்கும் வீட்டில் பின்பலம் இருந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறி, தொழிற்சாலைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற பெற்றோருக்கு, பிள்ளை எஸ்.பி.எம். முடித்ததும் வீட்டுக்கு ஒரு சம்பளம் கூடுதலாக வருமா என்பதே முதல் கேள்வி. ஆணிக் காலணி ஒரு செலவு, பயிற்சிக்குப் போய்வரும் பேருந்து ஒரு செலவு, நல்ல சாப்பாடு பெரிய செலவு. செயற்கைத் தளம் வேண்டுமென்றால் குருபோங்கிலுள்ள ஹங் ஜெபாட் அரங்கம் வரை போக வேண்டும். மெர்லிமாவிலிருந்து அது அன்றாடம் போய்வரத் தோதான தூரமில்லை. தளத்தைப் பற்றிய கவலை மட்டும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. செயற்கைத் தளம் ஒலிம்பிக்குக்கே 1968-இல்தான் வந்தது. ஜெகதீசன் ஆசியத் தங்கங்களை வென்றது அதற்கு முன்பு. நன்றாகச் சமன்செய்த புல்திடலில் வாரத்தில் பல நாள் பயிற்சி செய்யலாம்; புல் கால் எலும்புக்கும் நல்லது. ஆனால் காசுக் கவலை பொய்யில்லை. அதற்கு "திறமை இருந்தால் முன்னேறலாம்" என்று பதில் சொல்வது அந்தப் பெற்றோரை அவமதிப்பது.

உருப்படியான பதில் படிப்பின் வழியாகத்தான் வருகிறது. ஓட்டத்தில் சம்பாத்தியம் கிடையாது என்று பெற்றோர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அதனால்தான் ஓட்டத்தைப் படிப்போடு முடிச்சுப்போட வேண்டும் என்கிறேன். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கும் போகிறது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த அளவில் ஓடினார், என்ன இடம் பெற்றார் என்பதெல்லாம் அந்தப் பத்தில் சேரும். ஒரு புள்ளியிலும் அரைப்புள்ளியிலும் இடம் தவறுகிற பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் புலம்புகிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நல்ல ஓட்டக்காரர்களுக்குக் கல்விக் கட்டண உதவி தருகின்றன. ஆனால் அவர்கள் ஓடிய நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. பள்ளித் தேர்வு முடிவையும் ஆங்கிலத்தையும் பார்க்கிறார்கள். படிப்பைக் கைவிட்டு ஓடினால் அந்தக் கதவு அடைபடும். ஓட்டத்தைக் கைவிட்டுப் படித்தாலும் அதே கதவு அடைபடும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வாசற்படியிலேயே இடம் இருக்கிறது. மெர்லிமாவில் பாலிடெக்னிக் இருக்கிறது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜாசின் வளாகமும் மெர்லிமாவில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு சிற்றூரில் இரண்டு உயர்கல்வி நிலையங்கள் இருப்பது சாதாரணமில்லை. உயர்கல்வி நிலையங்களுக்கென்றே தேசிய அளவில் சுக்கிப்ட் விளையாட்டுப் போட்டி இருக்கிறது. சுக்மாவோ பொதுவாக 21 வயதுக்கு உட்பட்டோருக்கானது. பதினேழில் நிறுத்தும் பிள்ளை இரண்டு சுக்மாவைத் தவறவிடுகிறது. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் 25 வயது வரை ஓடலாம். போட்டிகளின் வயது வரம்பே ஓட்டக்காரர் வளரும் வயதை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. நம் வீட்டு நாள்காட்டி மட்டும் எஸ்.பி.எம். தேதியோடு கிழிந்துபோகிறது.

பெண்பிள்ளைகளின் ஓட்டம் பதினேழுக்கும் முன்பே நிற்கிறது. பெரியவளான பிறகு காற்சட்டையோடு திடலில் ஓடுவதா, மாலை இருட்டும்வரை பயிற்சியா என்ற தயக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிய கவலையில் நியாயம் உண்டு. அதற்கு வழி, பயிற்சிக்குப் பொறுப்பான பெண் ஆசிரியரை ஏற்பாடு செய்வதும் வீடுவரை கொண்டுவந்து விடுவதுமே. ராஜமணி 1966-இல் பாங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றார். இன்றைக்கு இருப்பதைவிட ஊர் ஆயிரம் பேச்சுப் பேசியிருக்கக்கூடிய காலம் அது. அன்று ஒரு தமிழ்ப்பெண்ணால் முடிந்ததற்கு இன்று நம் பெண்களுக்குத் தடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓட்டத்தோடு படித்தவருக்கு ஓட்டம் முடிந்த பிறகு என்ன ஆகிறது என்றும் கேட்க வேண்டும். மெக்சிகோவிலிருந்து திரும்பிய ஜெகதீசன் மருத்துவ ஆய்வுத் துறைக்குப் போனார். கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வாளராக இருந்து அதன் இயக்குநராக உயர்ந்தார். சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். ஆசிய அளவிலும் காமன்வெல்த் அளவிலும் விளையாட்டு மருத்துவக் குழுக்களில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கால் ஓய்ந்த பிறகு அவரைத் தாங்கியது பட்டம். அந்தப் பட்டத்தை விளையாட்டு உலகுக்குள் கொண்டுசென்றது கால் ஓடிய ஓட்டம்.

ஆகவே மெர்லிமாவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐந்தாம் படிவத்தில் ஓடுகிற பிள்ளை உள்ள வீடுகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எஸ்.பி.எம். தாள்கள் முடிந்ததும் இரண்டு மூன்று வாரம் பிள்ளை ஓய்வெடுக்கட்டும். ஆணிக் காலணியை மட்டும் பரணில் ஏற்றாதீர்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த நிலையத்தில் திடல்தட அணி இருக்கிறதா, பயிற்றுநர் யார் என்று விசாரித்துவிட்டுப் பட்டியலை நிரப்புங்கள். முதலாம் படிவத்திலிருந்து வாங்கிய ஓட்டச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். மாவட்டப் போட்டியில் நான்காவதாக வந்ததற்குக் கொடுத்த தாளையும் அதில் வையுங்கள். பங்கெடுத்ததற்கும் புள்ளி உண்டு.